உலக முடிவை நம்பி உடைமையை ஒப்படைத்தவர்: கண்டி நீதிமன்றத்திலிருந்து புறப்பட்ட லோரன்ஸ் ஒலிபன்ட்

கண்டிக்குப் போகிறவர்கள் போகம்பரையைக் கடக்காமல் வரமுடியாது. எங்கள் ஆட்களில் பலருக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் சிறைச்சாலைதான் ஞாபகத்துக்கு வரும். அந்தச் சிறை கட்டப்படுவதற்கு முன்பே அது சாவு நடந்த இடம். 1848 ஓகஸ்ட் 8 அன்று வீர புரன் அப்பு அங்கேதான் சுட்டுக்கொல்லப்பட்டார். அதே மாதம் குடாப்பொல தேரர் துறவாடையுடனேயே கொல்லப்பட்டார். கண்டியில் இராணுவச் சட்டம் நடைமுறையில் இருந்த மாதங்கள் அவை. இராணுவச் சட்டம் என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அந்த ஆண்டின் இறுதியில் கண்டியில் கூடிய உயர் நீதிமன்றத்தில், கிளர்ச்சியாளர்களை விசாரித்த பிரதம நீதியரசரின் பெயர் சேர் அன்ரனி ஒலிபன்ட். அவருடைய ஒரே மகன் லோரன்ஸுக்கு அப்போது பத்தொன்பது வயது. தகப்பனின் அந்தரங்கச் செயலாளர் வேலை அவனுடையது. பின்னாளில் இராஜதந்திரியாக, போர்ச் செய்தியாளராக, நாவலாசிரியராக, பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினராகப் புகழ்பெற்ற லோரன்ஸ் ஒலிபன்ட் இவர்தான். முப்பத்தெட்டு வயதில் அத்தனையையும் உதறிவிட்டு, உலகம் முடியும் காலம் நெருங்கிவிட்டது என்று போதித்த ஒரு மனிதனின் பண்ணையில் வண்டியோட்டப் போனவரும் இவர்தான்.

இவ்வளவு கெட்டிக்காரன் ஏன் அங்கே போனான் என்பது அவர் இறந்த நாளிலிருந்து கேட்கப்படும் கேள்வி. போரில் இருந்து மீண்ட எங்கள் ஊர்களில் அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. கூடாரத்திலும் முகாமிலும் இருந்த காலத்தில் உலக முடிவைப் பற்றிய துண்டுப்பிரசுரம் கைக்கு வராத குடும்பம் எத்தனை? எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பவனிடம், எல்லாம் முடியத்தான் போகிறது, ஆனால் நீ மட்டும் தப்புவாய் என்று ஒருவர் சொன்னால் அதைக் கேட்காமல் இருப்பது இலகுவானதல்ல. அதனால் ஒலிபன்டை முட்டாள் என்று ஒதுக்கிவிடாமல் அவர் கதையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

லோரன்ஸ் பிறந்தது 1829 இல், தென்னாபிரிக்காவின் கேப் டவுனில். தகப்பன் அங்கே சட்டமா அதிபர். 1838 இல் இலங்கையின் பிரதம நீதியரசராக நியமனம் பெற்று வந்தார். தாய் மரியா மிக இளவயதில் பிள்ளை பெற்றவர். மகனும் தாயும் பின்னாளில் சேர்ந்து நடந்தால் அக்கா தம்பி போலத் தெரிந்ததாகச் சொல்வார்கள். தகப்பனும் தாயும் கடும் பக்தியுள்ள சுவிசேஷக் கிறிஸ்தவர்கள். கடல் கடந்து படித்துக்கொண்டிருந்த சிறுவனிடம், படிப்பு எப்படி என்று கேட்பதற்கு முன், அவன் ஆன்மா எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கும் வீடு அது. தன்னுடைய பாவங்களைத் தானே எண்ணிக் கணக்கு ஒப்புவிக்கும் பழக்கம் சிறுவயதிலேயே அவருக்குப் படிந்துவிட்டது.

அந்தக் குடும்பம் மலைநாட்டில் வேறொரு தடத்தையும் விட்டுச் சென்றிருக்கிறது. 1839 இல் அசாம் தேயிலை விதைகள் பேராதனைப் பூங்காவுக்கு வந்தன. அதை அடுத்து நுவரெலியாவில் இருந்த நீதியரசரின் தோட்டத்தில் முப்பது வரையிலான தேயிலைச் செடிகள் நடப்பட்டன. இலங்கைத் தேயிலையின் வரலாறு எழுதுகிறவர்கள் ஒலிபன்ட் தோட்டத்தைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. ஆனால் அது கோப்பியின் காலம். தமிழ்நாட்டின் வரண்ட மாவட்டங்களில் இருந்து வந்த எங்கள் மக்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுப் பாதையில் மாத்தளைவரை நடந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் பலர் வழியிலேயே விழுந்தார்கள். தப்பியவர்கள் கண்டியைச் சுற்றியிருந்த மலைகளில் கோப்பி நட்டார்கள். துரைமாருடைய எழுத்துகளில் யானை வேட்டைக்குக் கிடைத்த இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. லோரன்ஸும் அதற்கு விதிவிலக்கல்ல.

1846 இல் குடும்பம் நீண்ட விடுமுறையில் ஐரோப்பா போனது. கேம்பிரிட்ஜில் படிக்கப்போக இருந்த மகன் அதை விட்டுவிட்டுப் பெற்றோருடன் சுற்றினார். 1848 இன் தொடக்கத்தில் இத்தாலி கொந்தளித்தபோது அவர் ரோமில் இருந்தார். ஒஸ்திரியத் தூதரகத்தின் அரச சின்னத்தைக் கழற்றி நடுச் சதுக்கத்தில் எரித்த கூட்டத்தில் தானும் நின்றதைப் பிற்காலத்தில் உற்சாகமாக எழுதினார். பிறகு குடும்பம் இலங்கைக்குத் திரும்பியது. ரோமில் கிளர்ச்சிக்காரர்களோடு கூச்சலிட்ட இளைஞனுக்கு இங்கே வாய்த்த இடம், கிளர்ச்சிக்காரர்களுக்குத் தீர்ப்புச் சொல்பவரின் பக்கம்.

கண்டியில் நடந்தது என்ன? கோப்பி விலை விழுந்து கருவூலம் வற்றியது. ஆளுநர் டொரிங்டன் துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, வீதிக்கு வரி என்று அடுக்கினார். ஜூலையில் மாத்தளையிலும் குருநாகலிலும் மக்கள் எழுந்தார்கள். கொங்காலேகொட பண்டா என்பவரைத் தம்புள்ளை விகாரையில் வைத்து அரசனாக முடிசூட்டினார்கள். கண்டியின் கடைசி அரசனான நாயக்க வம்சத்து ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 இல் பிடிபட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832 இல் அங்கேயே இறந்துவிட்டான். ஆனாலும் அரசன் ஒருவன் வருவான், வந்தால் எல்லாம் பழையபடி ஆகும் என்ற எதிர்பார்ப்பு மலைநாட்டில் சாகவில்லை. அரச இரத்தம் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் எழும்பும் ஒவ்வொரு முறையும் அவர் பின்னால் போக ஆட்கள் இருந்தார்கள். அவர்களுடைய எதிர்பார்ப்பை மூடநம்பிக்கை என்று வெள்ளைக்காரர்கள் சிரித்தார்கள்.

பண்டா செப்டெம்பரில் பிடிபட்டார். நவம்பர் 27 அன்று அன்ரனி ஒலிபன்டின் முன் இராஜத்துரோக வழக்கு தொடங்கியது, தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டது. அதை விதித்த நீதியரசரே, போதுமான உயிர்கள் ஏற்கெனவே போய்விட்டன என்ற கருத்தில், தண்டனையைக் குறைக்கும்படி ஆளுநரைக் கேட்டுக்கொண்டவர். தூக்கு, நூறு கசையடியாகவும் மலாக்காவுக்கு நாடுகடத்தலாகவும் மாறியது. கசையடியைக் கருணை என்று சொல்ல எனக்கு மனமில்லை. இருந்தாலும் அன்றைய கண்டியில் ஆளுநரிடம் போய் இனிப் போதும் என்று சொன்ன அதிகாரிகள் அதிகமில்லை. டொரிங்டனின் நடவடிக்கைகளை விசாரிக்கப் பிரித்தானியப் பாராளுமன்றம் குழு அமைத்தது. 1850 இல் அவர் திருப்பி அழைக்கப்பட்டார்.

தகப்பனின் செயலாளராக இருந்த லோரன்ஸ் பிறகு இலங்கை நீதிமன்றங்களில் சட்டத்தரணியாகத் தொழில் செய்தார். இருபத்திரண்டு வயதுக்குள் இருபத்திமூன்று கொலை வழக்குகளில் பங்கேற்றதாகச் சொன்னவர் அவர். அந்த வயதில் ஒரு மனிதன் காணவேண்டியதைவிட அதிகமாகவே அவர் கண்டிருக்கிறார்.

1850 இன் இறுதியில் நேபாளத்தின் பிரதமர் ஜங் பகதூர் ஐரோப்பாவில் இருந்து திரும்பும் வழியில் இலங்கையில் தங்கினார். லோரன்ஸ் அவருடன் ஒட்டிக்கொண்டு கத்மண்டுவரை போய்ப் புத்தகம் எழுதினார். அதோடு இலங்கை வாழ்க்கை முடிந்தது. அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டுகள் அவர் போகாத போர்க்களம் குறைவு. கருங்கடல் கரையைச் சுற்றி எழுதிய பயணநூல், கிரிமியப் போர் வந்தபோது படைத்தளபதிகள் தேடிப் படித்த நூலாயிற்று. எல்ஜின் பிரபுவின் செயலாளராக வட அமெரிக்கா போனார். கனடாவில் பூர்வகுடிகளின் விவகாரங்களுக்குப் பொறுப்பான பதவியில் இருந்தார். ஓமர் பாஷாவின் துருக்கியப் படையுடன் கோக்கசஸ் மலைகளில் நடந்தார். 1857 இல் மறுபடி எல்ஜினுடன் சீனா போனார். பிரித்தானியப் பீரங்கிகள் கன்டன் நகரைத் தாக்கியதைப் பார்த்தார்.

1861 ஜூலையில், ஜப்பானில் பிரித்தானியத் தூதரகத்தின் முதற் செயலாளராகப் போய் ஒரு மாதம்கூட நிறையவில்லை. இரவில் வாளேந்திய சாமுராய்கள் தூதரகமாயிருந்த பௌத்த ஆலயத்துக்குள் பாய்ந்தார்கள். கையில் அகப்பட்ட குதிரைச் சவுக்கின் தடித்த பிடியை வைத்துக்கொண்டு இருட்டில் அவர் தடுத்தார். கையிலும் தோளிலும் ஆழமான வெட்டு. காலையில் பார்த்தபோது, தாழ்ந்த உத்தரத்தில் வாள்வெட்டுகள் ஆழமாகப் பதிந்திருந்தன. தலையில் விழவேண்டியவற்றை மரம் வாங்கியிருந்தது. ஒரு கை கடைசிவரை முழுதாகச் சீராகவில்லை. தான் ஏன் தப்பினேன் என்ற கேள்வி அன்றிலிருந்து அவரைவிட்டுப் போகவில்லை என்று நான் நினைக்கிறேன். செல்லடியில் பக்கத்தில் இருந்தவர் போய்த் தான் மிஞ்சிய எவருக்கும் அந்தக் கேள்வி தெரியும்.

தகப்பன் 1859 இல் திடீரென இறந்துபோனார். தனித்துப்போன தாயும் மகனும் ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான் லண்டனில் ஒரு அமெரிக்கப் போதகரின் பிரசங்கத்தைக் கேட்டார்கள். அவர் பெயர் தோமஸ் லேக் ஹரிஸ்.

ஹரிஸ் 1823 இல் இங்கிலாந்தில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். முதலில் திருச்சபைப் போதகர், பிறகு ஆவிகளோடு பேசுபவர், பிறகு சுவீடன்போர்க்கின் தரிசனங்களைப் பின்பற்றியவர். 1850களின் தொடக்கத்தில் வேர்ஜீனிய மலைகளில் மவுன்டன் கோவ் என்ற இடத்தில் ஒரு கூட்டத்தின் இரு தலைவர்களில் ஒருவராக இருந்தார். ஆதியில் ஏதேன் தோட்டம் இருந்த இடம் அதுதான், வரப்போகும் அழிவில் தப்பும் இடமும் அதுதான் என்று அங்கே போதிக்கப்பட்டது. கொஞ்சக் காலத்தில் காணியும் பணமும் பற்றிய சண்டையில் அந்த ஏதேன் கலைந்தது. வழமையாக ஒரு தீர்க்கதரிசியின் கதை இத்துடன் முடிந்திருக்கும். ஹரிஸ் அந்தத் தோல்வியில் இருந்து கற்றுக்கொண்டது ஒன்று: அடுத்தமுறை தலைமையில் பங்காளி இருக்கக்கூடாது.

1861 இல் நியூயோர்க் மாநிலத்தில் ஒரு சிறு பண்ணையில் புதுவாழ்வுச் சகோதரத்துவம் என்ற சபையைத் தொடங்கினார். அவர் போதனையைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். கிறிஸ்துவின் இரண்டாம் வருகை தொடங்கிவிட்டது. அது மனித உடம்புக்குள் நடக்கிறது. தெய்வீக மூச்சு என்ற ஒன்று சிலருடைய நெஞ்சுக்குள் இறங்கும். உலகைப் பெரும் நெருக்கடி ஒன்று தாக்கும்போது அந்த மூச்சுள்ளவர்கள் நிற்பார்கள், மற்றவர்கள் அழிவார்கள். கடவுள் ஆணும் பெண்ணும் ஒன்றானவர். ஒவ்வொருவருக்கும் பரலோகத்தில் ஒரு துணை உண்டு. எனவே பூமியில் கணவனும் மனைவியும் சேர்ந்து வாழவேண்டியதில்லை. இந்த மாற்றம் முழுவதும் ஒரே மனிதனை அச்சாக வைத்துச் சுழல்கிறது. அந்த மனிதன் யாரென்று சொல்லத் தேவையில்லை. சீடர்கள் அவரைத் தந்தை என்று அழைத்தார்கள்.

ஒலிபன்ட் உடனே எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடவில்லை. 1865 இல் ஸ்ரேலிங் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனார். லண்டன் மேட்டுக்குடியின் போலித்தனத்தைக் கிண்டல் செய்யும் பிக்காடிலி என்ற நாவலை எழுதினார். விருந்துகளில் அவர் இல்லாவிட்டால் களைகட்டாது. ஆனால் பாராளுமன்றத்தில் வாய் திறக்கவே இல்லை என்னும் அளவுக்கு இருந்தார். பேசவேண்டாம் என்று ஹரிஸ் கட்டளையிட்டிருந்தார் என்பது பிறகுதான் தெரியவந்தது. தன்னுடைய புகழையும் திறமையையும் ஒருவன் எவ்வளவு தூரம் அருவருத்தால் இப்படி ஒரு கட்டளைக்குக் கீழ்ப்படிவான்!

1867 இல் கண்டிக்குத் தெற்கே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிராக நட்டார். இலங்கை மலைகளின் விதி அதோடு மாறியது. அதே ஆண்டுதான் லோரன்ஸ் ஒலிபன்ட் லண்டனை விட்டுப் போய் ஹரிஸின் புதிய பண்ணையில் சேர்ந்தார். பாராளுமன்ற ஆசனத்தையும் துறந்தார். புறொக்டன் என்ற அந்த ஊர் நியூயோர்க் மாநிலத்தில் ஈரி ஏரிக் கரையில் இருக்கிறது. காணி வாங்கிய பணத்தில் பெரும் பங்கு ஒலிபன்ட் குடும்பத்துடையது. நீதியரசர் மனைவிக்கும் மகனுக்கும் விட்டுப்போன சொத்து அப்படி ஹரிஸின் கைக்குப் போனது. அடுத்த ஆண்டு தாய் மரியாவும் வந்து சேர்ந்தார்.

அங்கே நடந்ததை விரிவாகச் சொல்லவேண்டும். வந்த புதிதில் ஒலிபன்டுக்குப் படுக்க வைக்கோல் மெத்தை, மரப்பெட்டிகள்தான் தளபாடம். விடியுமுன் எழுந்து தொழுவம் துப்புரவு செய்வது, நீர் சுமப்பது, வண்டியோட்டுவது அவர் வேலை. இரவில் வெகுநேரம்வரை வேலை தொடரும். யாருடனும் பேசக்கூடாது. கொழும்பில் வேலைக்காரர் புடைசூழ இருந்த நீதியரசரின் மனைவி சமையலும் சலவையும் செய்தார். தாயும் மகனும் ஒரே பண்ணையில் இருந்தும், தந்தையின் அனுமதியில்லாமல் ஒருவரையொருவர் பார்க்கமுடியாது. இரத்தப் பாசம் தெய்வீக மூச்சுக்குத் தடை என்பது விளக்கம். பிற்பாடு புறொக்டன் புகையிரத நிலையத்தில் பிரயாணிகளுக்கு ஒலிபன்ட் பழம் விற்றார் என்றும் சொல்லப்படுகிறது.

இதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. இத்தனை ஆண்டுகள் சிக்கலான உலகத்தில் யார் பக்கம் நியாயம் என்று தெரியாமல் அலைந்தவருக்கு, இன்று தொழுவம் கழுவு, நாளை மரம் வெட்டு என்று ஒருவர் சொன்னது பாரத்தை இறக்கி வைத்தது போல இருந்திருக்கும். வழிநடத்துகிறவருக்கு அதிகாரம் அப்படித்தான் கிடைக்கிறது. அவர் பறிப்பதற்கு முன்பே மற்றவர் இறக்கி வைத்துவிடுகிறார்.

ஒலிபன்ட் தனியாகப் போகவுமில்லை. சற்சுமா நிலப்பகுதி 1865 இல் இரகசியமாக இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பிய ஜப்பானிய இளைஞர் சிலரை ஹரிஸுக்கு அறிமுகம் செய்தவர் அவர்தான். அவர்களில் மோரி அரினோரி சீக்கிரமே நாடு திரும்பி ஜப்பானின் முதற் கல்வி அமைச்சரானார். எல்லோரிலும் இளையவனான நாகசாவா கனாயே மட்டும் ஹரிஸை விட்டுப் போகவில்லை. அவர் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1870 இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் வந்தபோது, தந்தையின் அனுமதியுடன் ஒலிபன்ட் டைம்ஸ் பத்திரிகையின் செய்தியாளராகப் போனார். பாரிசில் ஆலிஸ் லெ ஸ்ரேஞ்ச் என்ற பெண்ணைச் சந்தித்தார். அழகி, இசையில் தேர்ந்தவள், இங்கிலாந்தின் பழைய குடும்பம். திருமணத்துக்கு ஹரிஸின் சம்மதம் வேண்டும், அவர் இழுத்தடித்தார். ஆலிஸ் தன் சொத்தையும் சபையின் பொறுப்பில் விட இணங்கிய பிறகே 1872 இல் திருமணம் நடந்தது. பெண் வீட்டார் தலையில் அடித்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு தம்பதி புறொக்டன் போனார்கள். கணவன் நியூயோர்க்கில் கடலடித் தந்திக் கம்பனி அலுவல்களுக்கு அனுப்பப்பட்டார். மனைவி பண்ணையில் வைக்கப்பட்டாள். 1875 இல் ஹரிஸ் நெருங்கிய சீடர்களுடன் கலிபோர்னியாவின் சன்டா ரோசாவுக்கு இடம் மாறி, பவுன்டன்குரோவ் என்ற செழிப்பான தோட்டத்தை உருவாக்கினார். பிறகு ஆலிஸும் அங்கே அழைக்கப்பட்டாள். பார்க்கப் போன கணவனுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. கொஞ்சக் காலம் அவள் தனியாக வெளியேறி வேறு ஊர்களில் இசையும் பாடமும் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தாள்.

1881 இல் மரியா கடுமையாக நோயுற்றிருந்தார். மகன் வந்து, தந்தையைப் பார்த்தால் தாய் குணமடைவார் என்று நம்பி, அவரைக் கூட்டிக்கொண்டு கண்டத்தைக் கடந்து சன்டா ரோசாவுக்குப் போனார். வரவேற்பு இல்லை. பதின்மூன்று ஆண்டுகள் சலவை செய்து உழைத்த வயோதிபப் பெண்ணுக்கு அந்தப் பெரிய வீட்டில் படுக்க இடமில்லாத நிலை. அங்கே இருந்த ஒரு பெண்ணின் விரலில், சபைக்கென்று தன் தாய் கழற்றிக் கொடுத்த மோதிரத்தைக் கண்டார் என்று சொல்வார்கள். சில நாள்களில் பக்கத்து ஊரான குளோவர்டேலில் மகனின் அருகில் மரியா இறந்தார்.

கண்டியில் கற்ற சட்டம் அன்றுதான் அவருக்குக் கைகொடுத்தது. புறொக்டன் காணியில் தன் பங்கை மீட்க நடவடிக்கை எடுத்தார். ஹரிஸ் தரப்பு அவரைப் பைத்தியக்காரர் விடுதியில் அடைக்க முயன்றது. அதற்குச் சம்மதம் கேட்டு ஆலிஸுக்குத் தந்தி போனது. அவள் மறுத்தாள். கணவனைவிட்டு அவளைப் பிரித்து வைத்த அதே மனிதர், கணவனை அடைக்க அவள் கையெழுத்தைக் கேட்டார். மறுத்ததோடு அவளும் சபையைவிட்டு நீங்கினாள். காணி மீண்டது. பதினான்கு ஆண்டுகள் மீளவில்லை.

இந்த இடத்தில் அவர் தெளிந்துவிட்டார் என்று எழுத எனக்கு ஆசை. உண்மை அப்படியில்லை. ஹரிஸ் பொய்யர் என்று கண்டுகொண்டார், ஹரிஸின் போதனையை விடவில்லை. அடுத்து அவர் செய்ததைப் பற்றி நாம் கூடுதலாக யோசிக்கவேண்டும்.

முறிவுக்கு முன்பே, 1879 இல், அவர் பலஸ்தீனம் போயிருந்தார். யோர்தானுக்குக் கிழக்கே வேதாகமத்தில் கீலேயாத் என்று சொல்லப்படும் நிலத்தில் யூதர்களைக் குடியேற்றும் திட்டம் அது. கிழக்கு ஐரோப்பாவில் யூதர்கள் அடிபட்டார்கள் என்பது உண்மை, அவர்களுக்காக அவர் இரங்கினார் என்பதும் உண்மை. யூதர் திரும்பிய பிறகே உலக முடிவு வரும் என்ற எதிர்பார்ப்பு அன்றைய பிரித்தானியக் கிறிஸ்தவர் பலரிடம் ஊறியிருந்தது. தன்னுடைய நோக்கம் அதுவல்ல, அரசியலும் பொருளாதாரமும்தான் என்று அவர் சொல்லிக்கொண்டார். ஆனால் 1880 இல் வெளியான அவருடைய நூலைப் பார்த்தால், அந்த நிலத்தில் ஏற்கெனவே இருந்தவர்களுக்கு அவர் என்ன வைத்திருந்தார் என்பது தெரிகிறது. பெதுயின்களை வெளியே தள்ளிவிடலாம். அரபு விவசாயிகளை, வட அமெரிக்காவில் பூர்வகுடிகளுக்குச் செய்தது போல, ஒதுக்கிய நிலத்துக்குள் வைக்கலாம். கனடாவில் பூர்வகுடி விவகாரம் பார்த்தவர் அல்லவா. தன் குடும்பக் காணி ஒரு தீர்க்கதரிசியிடம் போனதன் வலி தெரிந்த மனிதர், வரைபடத்தில் கோடு கிழித்தபோது அங்கே குடியிருந்தவரின் காணியைக் காணி என்று எண்ணவில்லை. துருக்கிச் சுல்தான் அப்துல் ஹமீத் திட்டத்துக்கு இணங்கவில்லை. அத்துடன் அது நின்றது.

1882 இல் ஒலிபன்டும் ஆலிஸும் ஹைபாவில் குடியேறினார்கள். அங்கே அவர்களுடைய அயலவர்கள் ஜேர்மன் டெம்பிளர்கள், இரண்டாம் வருகையை எதிர்பார்த்து 1868 தொடக்கம் ஜேர்மனியில் இருந்து வந்து கல்வீடு கட்டிக் குடியிருந்த இன்னொரு சபையார். கார்மேல் மலையில் ட்ரூஸ் மக்களின் தாலியா கிராமத்தில் கோடைக்கு ஒரு வீடு. ருமேனியாவில் இருந்து வந்து தவித்த யூதக் குடியேறிகளுக்கு உதவினார். அவருடைய செயலாளராக இருந்த நப்தாலி ஹேர்ஸ் இம்பர்தான், பின்னாளில் இஸ்ரேலின் தேசிய கீதமான பாடலை இயற்றியவர். வெளியே இதெல்லாம் நடக்க, வீட்டுக்குள் ஹரிஸின் மூச்சுக் கோட்பாட்டை ஒட்டிய புதிய நூல் ஒன்று ஆலிஸின் வாய்வழியாக வந்து அவர் கையால் எழுதப்பட்டது. தேடி வந்தவர்களுக்கு அவர் ஒரு சிறிய தந்தையானார். ஹரிஸைப் பற்றிச் சொல்லப்பட்டது போன்ற ஒழுக்கக் குற்றச்சாட்டுகள் அவர்மீதும் எழுந்தன.

1886 ஜனவரியில் ஆலிஸ் காய்ச்சலில் இறந்தார். ஹைபாவில் டெம்பிளர்களின் மயானத்தில் அடக்கம் நடந்தது. இறந்த மனைவியின் ஆவி தன்னுடன் இருந்து எழுதவைக்கிறது என்று ஒலிபன்ட் நம்பினார். 1888 இல், சமத்துவச் சிந்தனையாளர் ரொபேர்ட் ஓவனின் பேத்தி ரோசமண்டை மணந்தார். சில நாள்களில் நோயில் விழுந்தார். அந்த ஆண்டு டிசெம்பர் 23 அன்று, லண்டனுக்கு அருகே ருவிக்கனத்தில், முன்னர் சென்னை ஆளுநராக இருந்த கிரான்ட் டவ்வின் வீட்டில் உயிர் பிரிந்தது. வயது ஐம்பத்தொன்பது.

தந்தை அவருக்குப் பிறகும் இருந்தார். பவுன்டன்குரோவின் திராட்சைமது அமெரிக்கா முழுதும் விற்பனையானது. அதில் தெய்வீக ஆற்றல் கலந்திருக்கிறது என்று சீடர்கள் நம்பினார்கள். 1891 இல் தன்னுடைய உடல் புதுப்பிக்கப்பட்டுவிட்டது, இனிச் சாவு இல்லை என்று ஹரிஸ் அறிவித்தார். அதே ஆண்டில் அங்கே தங்கிப் பார்த்த ஒரு பெண் பத்திரிகைகளில் தோட்டத்தின் உள்விவகாரங்களை வெளியிட, ஊர் கொதித்தது. ஹரிஸ் தன் செயலாளரான பெண்ணை மணந்துகொண்டு 1892 இல் கலிபோர்னியாவை விட்டே போனார். ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். 1906 மார்ச் 23 அன்று நியூயோர்க்கில் அவர் இறந்தார். சாவில்லாதவர் என்று அறிவிக்கப்பட்டவர் ஆதலால், அவர் உறங்குகிறார் என்று சொல்லி மிச்சமிருந்த சீடர்கள் மூன்று மாதங்கள் மரணத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

பவுன்டன்குரோவில் கடைசிவரை நின்றவர் நாகசாவா. பதின்மூன்று வயதில் ஊரைவிட்டு வந்த சாமுராய்ப் பிள்ளை, அந்தத் தோட்டத்தின் சொந்தக்காரராகி, கலிபோர்னியாவின் பெயர்பெற்ற மது உற்பத்தியாளராகி, 1934 இல் இறந்தார். ஜப்பானியருக்குக் காணி உரிமை மறுக்கும் சட்டம் அப்போது கலிபோர்னியாவில் இருந்தது. அதனால் அவருடைய மருமகனின் குடும்பத்துக்கு அந்த நிலம் கிடைக்கவில்லை, அது விற்கப்பட்டது. சில ஆண்டுகளில் போர் வந்தது. மற்ற ஜப்பானிய அமெரிக்கர்களுடன் அந்தக் குடும்பமும் முட்கம்பி முகாமுக்கு அனுப்பப்பட்டது. நாகசாவாவின் காலத்தில், 1899 இல் கட்டப்பட்ட வட்டமான மரக்களஞ்சியம் ஒன்று மட்டும் குன்றின்மேல் நூறாண்டுக்கு மேல் நின்றது. 2017 ஒக்டோபரில் சன்டா ரோசாவை எரித்த காட்டுத்தீயில் அதுவும் ஓரிரவில் போனது.